தொண்டையில் கிருமி, உடம்பெல்லாம் வலி ஏன்? சைட்டோகைன் பற்றிய வாசகர் கேள்விகள்

ஃப்ளூ வைரஸ் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும்தானே இருக்கிறது? முதுகும் காலும் ஏன் வலிக்கின்றன?

அந்த வலி பெரும்பாலும் வைரஸின் வேலை அல்ல, உங்கள் உடம்பின் வேலை. கிருமி நுழைந்ததும் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றை ஏற்கும் செல்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துகொள்கின்றன. கிட்டத்தட்ட ஊரில் தண்டோரா போடுவதுதான்.

முதலில் வெளிவருபவற்றில் ஒன்று இன்டர்ஃபெரான். 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் அதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைக் கோழிக்கரு முட்டையின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் இட்டார்கள். அவற்றில் உயிருள்ள வைரஸைச் செலுத்தியபோது அது பெருகத் திணறியது. முதல் சவ்வு எதையோ சுரந்து இரண்டாவதைக் காப்பாற்றியிருந்தது. உங்கள் தொண்டையிலும் இதுவே நடக்கிறது. தாக்கப்பட்ட செல் பிழைக்காமல் போகலாம். ஆனால் அண்டைச் செல்கள் வைரஸைப் பெருகவிடாத புரதங்களை முன்கூட்டியே தயாரித்துக்கொள்கின்றன.

இன்டர்லூகின்-8 என்ற இன்னொரு சைட்டோகைன், ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களைத் தொற்று உள்ள இடத்துக்கு வரவழைக்கிறது. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆகிய சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலந்து மூளை வரை செய்தி அனுப்புகின்றன. உடம்பு வலி, அசதி, பசியின்மை, போர்த்திக்கொண்டு படுத்துவிடத் தோன்றுவது எல்லாம் அதன் விளைவுதான்.

காய்ச்சல் நல்லதுதான் என்கிறார்கள். பாராசிட்டமால் போட்டால் எதிர்ப்புச் சக்தி குறையுமா?

அந்தச் சைட்டோகைன்களால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் ஹைபோதலாமஸ், அதன் தூண்டுதலால் அளவைச் சற்று உயர்த்திவைக்கிறது. 38 டிகிரி சூட்டிலும் உங்களுக்குக் குளிர்நடுக்கம் எடுப்பது அதனால்தான். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. சைட்டோகைன்கள் தம் வேலையைத் தொடர்கின்றன. உடம்பு வலி தாங்கவில்லை என்றால், அளவு மீறாமல் போட்டுக்கொள்ளுங்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபென் பக்கம் போகவே வேண்டாம். ரத்தக் கசிவு அபாயம் உண்டு.

சாதாரணக் காய்ச்சலுக்கே இன்டர்லூகின்-6 பரிசோதனை செய்துகொள்ளலாமா?

வேண்டாம். காசுதான் விரயம். இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டிச் சுரக்கவைப்பதுதான் சி.ஆர்.பி. என்ற புரதம். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவர் அந்த மலிவான பரிசோதனையை எழுதித் தருவார்.

கொரோனா காலத்தில் ‘சைட்டோகைன் புயல்’ என்றார்கள். அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி அதிகம் உள்ளவர்கள்தான் இறந்தார்களா?

இல்லை. அதிகம் இறந்தவர்கள் முதியவர்களும் சர்க்கரை நோய் போன்ற பிரச்சினை உள்ளவர்களும்தான். சிக்கல் சைட்டோகைன்களின் அளவில் மட்டும் இல்லை, அவை சுரக்கும் நேரத்திலும் இருந்தது. தீவிர நிமோனியா வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் இருந்ததை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் வரவேண்டிய எச்சரிக்கை அவர்களிடம் எடுபடவில்லை, வைரஸ் பெருகியது. அதன்பின் மூண்ட அழற்சி நுரையீரலையே தாக்கியது.

பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டைக் கொடுத்தபோது 28 நாள் இறப்பு விகிதம் சுமார் 41 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சைட்டோகைனைக் கூட்டும் மாத்திரை என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், உடம்பு வலி, சிலருக்கு மனச்சோர்வு. சைட்டோகைன் நிஜமாகவே கூடினால் இப்படித்தான் இருக்கும். அந்த மாத்திரை இதையெல்லாம் செய்யாது என்பதே அதன் ஒரே நல்ல குணம்.

முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் ஊசி எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் டி.பி. பரிசோதனை எதற்கு? எனக்கு இருமலே இல்லையே?

காசநோய்க் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் நுரையீரலில் தங்கியிருக்கும். வெள்ளையணுக்கள் அதைச் சூழ்ந்து சிறு முடிச்சாகக் கட்டிவைத்திருக்கின்றன. அந்த முடிச்சு குலையாமல் இருக்க டி.என்.எஃப். தேவை. மூட்டு வீக்கத்துக்காக அதைத் தடுத்தால் கட்டு தளர்ந்து கிருமி வெளியேறலாம். நம் நாட்டில் இது ஏட்டளவு அபாயம் அல்ல.

உங்களுக்கு எழுதியது ‘இக்ரா’ பரிசோதனையாக இருக்கலாம். உங்கள் ரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் புரதங்களைச் சேர்த்து ஒரு நாள் அளவுக்கு வைத்திருந்து, வெள்ளையணுக்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கின்றனவா என்று அளப்பார்கள். பாசிட்டிவ் என்றால் இப்போது நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. உங்கள் உடம்பு அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான். மார்பு எக்ஸ்ரே பார்த்து, பெரும்பாலும் தடுப்பு மாத்திரைகளைச் சில வாரங்கள் கொடுத்த பிறகே ஊசியைத் தொடங்குவார்கள். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி தொடங்கிய பின் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு என்று எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.