பேய் வேஷம், கொலுச் சுண்டல், கொஞ்சம் பரங்கிக்காய்

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹாலோவீன் பற்றித்தான். ராமநாதபுரம் கடற்கரைக்கு அமெரிக்கப் பேய் வந்து சேர இவ்வளவு நாள் ஆனதே ஆச்சரியம். மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

*

அக்கா, நாலாம் வகுப்பு படிக்கும் என் மகனின் பள்ளியில், அக்டோபர் 31 அன்று பேய் வேஷத்தில் வரவேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "விளக்கு வைக்கிற வீட்டுல இருந்து பேயை ஜோடிச்சு அனுப்புவியா?" என்று கேட்டுவிட்டு மாமியார் ரெண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இது என்ன பண்டிகை, அனுப்பலாமா?
– ஒரு தாய், ராமநாதபுரம்

அனுப்புங்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: பேயைக் கூப்பிடப் போட்ட வேஷம் இல்லை அது, பேய் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்று போட்டது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது ஒரு பழைய பண்டிகை இருந்தது. அதன் பெயரை 'சாவின்' என்று உச்சரிப்பார்கள் (நம் காதில் அது விழும் விதமே பொருத்தமாக இருக்கிறது, இல்லையா?). அன்று இரவு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள். வெளியே போகிறவன் தானும் பேய் மாதிரி இருந்துவிட்டால் நிஜப் பேய் நம்மாள் என்று விட்டுவிடும், அவ்வளவுதான் கணக்கு. பின்னால் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள் ஆனதும், அதற்கு முந்தின நாள் மாலைக்கு ஹாலோவீன் என்று பெயர் வந்தது.

அப்புறம் வேஷம் நமக்கு என்ன புதுசா? கமுதி முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு சேத்தாண்டி வேஷம் போடுகிற மனிதரை நேருக்கு நேர் பார்த்த பிள்ளைக்கு ஃபேன்சி ஸ்டோர் பிளாஸ்டிக் முகமூடி எல்லாம் பச்சைத் தண்ணீர். அந்த முகமூடியை மட்டும் வாங்காதீர்கள். போன வருஷம் என் தங்கை மகன் நம் ஊர் அக்டோபர் புழுக்கத்தில் அதை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்று, கன்னமெல்லாம் தடித்துப்போய் வந்தான். பழைய வேட்டி ஒன்று, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. போதும்.

*

ஹாலோவீன் ராத்திரி பிள்ளைகள் வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்கிறார்களே, மிட்டாய் தராவிட்டால் நிஜமாகவே ஏதாவது செய்வார்களா?
– கல்லூரி மாணவன், மண்டபம்

ஒரு காலத்தில் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் போனவர்கள் இந்தப் பண்டிகையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1920, 30களில் அந்த ராத்திரி என்றாலே வாலிபப் பையன்கள் கேட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவது, ஜன்னலை உடைப்பது என்று ஊரே பயப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டது. 'தருகிறாயா, சேட்டை பண்ணட்டுமா' என்ற அந்தச் சொல் 1927ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது. உடைப்பதை நிறுத்த ஊர்க்காரர்கள் கண்ட வழிதான் மிட்டாய், கிட்டத்தட்ட மாமூல். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து 1947 வரை இது சுணங்கிக் கிடந்தது, சர்க்கரை திரும்பியதும் மிட்டாய்க் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன.

எனக்குப் பிடித்தது வேறு கதை. அயோவா மாகாணத்தில் டிமாய்ன் என்று ஒரு நகரம், அங்கேயும் இதே தொல்லைதான். 1938ல் அவர்கள் பிச்சைக்காரர் இரவு என்று பெயர் வைத்து, ஒரு நாள் முன்னதாக அக்டோபர் 30ஆம் தேதிக்கு மாற்றினார்கள். கதவைத் தட்டுகிற பிள்ளை ஒரு ஜோக்கோ பாட்டோ சொன்னால்தான் மிட்டாய், சும்மா பையை நீட்டினால் கிடையாது. இன்னமும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அக்டோபர் பிறந்ததும் கடி ஜோக் மனப்பாடம் செய்கிறார்கள். உண்மையில் பழைய வழக்கம் அதுதான். ஸ்காட்லாந்தில் வேஷம் போட்டு வருகிற பிள்ளை பாட்டோ கவிதையோ சொல்லிவிட்டுத்தான் கடலையோ ஆப்பிளோ வாங்கும். அமெரிக்காவில் பாட்டு உதிர்ந்துபோய், பை மட்டும் பெரிதாகிவிட்டது.

*

நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைகளைத் தெருத்தெருவாகப் போய் கையேந்தப் பழக்குவது நம் பண்பாடா? நம்மிடம் இல்லாத ஒன்றை எதற்கு இறக்குமதி செய்ய வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்புல்லாணி

ஐயா, கோபப்படாதீர்கள். நம்மிடம் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். நவராத்திரி என்றால் ராஜராஜேஸ்வரி அம்மன் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்களுக்கு வேலை சுண்டல். சாயந்தரம் ஆனால் பாவாடை சட்டை, கையில் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா, நாலைந்து பேராகக் கிளம்பிவிடுவோம். அதில் ஒரு வீட்டு மாமி கரண்டியைச் சுண்டலுக்குள் வைத்தபடியே, "முதல்ல ஒரு பாட்டுப் பாடுடி" என்பார். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றுதான். அதையே ஒன்பது நாளும் எல்லா வீட்டிலும் பாடியிருக்கிறேன். ஏழாம் நாள் அந்த மாமி, "இதையேதான் நேத்தும் பாடினே" என்று சொல்லிவிட்டு, கரண்டியைப் பாதி காலியாகத் தூக்கினார். அந்த அரைக் கரண்டி கொண்டைக்கடலை இன்னும் மனசில் உறுத்துகிறது! ஸ்காட்லாந்துப் பாட்டிக்கும் அந்த மாமிக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

கையேந்துவது என்றீர்கள். மழை பொய்த்த வருஷத்தில் நம் வறண்ட சீமைப் பெண்கள் மழைச்சோறு எடுத்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வசதியானவள், இல்லாதவள் எல்லாரும் சேர்ந்து வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, எல்லா வீட்டுச் சோற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பிசைந்து, பொது இடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபடி சாப்பிடுவார்கள். ஊரே பிச்சை எடுக்கிற நிலைமை வந்துவிட்டது, பார் என்று வானத்துக்குக் காட்டுகிற காரியம். வேஷம் கட்டாத நாடகம் அது, அதை யாரும் அவமானம் என்று நினைக்கவில்லை.

*

தோஹாவில் இருக்கும் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ரமலான் பாதியில் பேரப்பிள்ளைகள் ஜரிகைச் சட்டை போட்டு, கழுத்தில் பை மாட்டி, வீடு வீடாகப் போய் மிட்டாயும் கடலையும் வாங்குகிறார்கள். "ஹாலோவீனை நோன்பு மாசத்துல கொண்டாந்துட்டானுங்க" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். நிஜமா?
– ஒரு உம்மம்மா, கீழக்கரை

இல்லை ராத்தா, அவரைச் சமாதானப்படுத்துங்கள். அது கரங்காவோ. கத்தாரில் ரமலான் பதினாலாம் இரவு, நோன்பு திறந்த பிறகு, பிள்ளைகள் அப்படிப் போவார்கள். பாதி மாதம் நோன்பைக் கடந்த பிள்ளைகளுக்கு ஒரு தட்டிக்கொடுப்பு. எங்களுக்குக் கொடுங்கள், அல்லாஹ் உங்களுக்குக் கொடுப்பான், மக்காவுக்குக் கொண்டு சேர்ப்பான் என்ற பொருளில் ஒரு பாட்டும் உண்டு. குவைத்திலும் பஹ்ரைனிலும் இதையே கர்கியான் என்பார்கள். துபாய் பக்கம் இது நோன்புக்கு முன்னாலேயே, ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்துப் பாதியில், நாம் பராஅத் என்கிற நாளை ஒட்டி வந்துவிடும். அங்கே பெயர் ஹக் அல் லைலா. மார்க்கக் கடமை என்று யாரும் சொல்வதில்லை, முத்துக்குளித்த அரபுக் கடலோர ஊர்களின் நாட்டு வழக்கம். நம் கீழக்கரையும் முத்து ஊர்தானே. விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு, சஹருக்கு, தப்ஸ் கொட்டு அடித்து, பைத்துப் பாடித் தெருவை எழுப்பிய பக்கீர் பாவா, பெருநாளன்று வாசலில் வந்து நின்றால் வெறுங்கையோடு அனுப்புவோமா? அங்கே பாடுவது பிள்ளைகள், அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அந்தப் பையில் உங்கள் கைத் தொதலை நாலு துண்டு போட்டு அனுப்புங்கள். தோஹாவில் அது கிடைக்காது.

*

நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அதுவும் இதுவும் ரெண்டு நாள் வித்தியாசத்தில் வருகிறதே, சம்பந்தம் உண்டா?
– வலை பின்னும் பெரியவர், தங்கச்சிமடம்

உண்டு ஐயா, ரொம்ப நெருக்கமான சம்பந்தம். பழைய இங்கிலாந்தில் ஆன்மாக்கள் தினத்தை, அதாவது உங்கள் கல்லறைத் திருநாளை ஒட்டி ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் 'ஆன்மா கேக்' என்று சின்ன ரொட்டி ஒன்று கொடுப்பார்கள். ஜெபத்துக்குப் பதில் ரொட்டி, கொடுக்கல் வாங்கல் சரி. போர்ச்சுக்கலில் நவம்பர் 1 காலையில் பிள்ளைகள் துணிப்பையோடு 'கடவுளின் பேரால் ரொட்டி' கேட்டுப் போவார்கள். 1755ல் அதே நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. பிழைத்தவர்கள் பசியோடு கதவு கதவாகப் போனபோது இந்த வழக்கம் வலுத்தது என்று அங்கே சொல்வார்கள். போர்ச்சுக்கீசியர்கள் நம் கடற்கரைக்கு வந்து அதற்குள் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முத்துக்காக வந்தவர்கள் ஜெபத்தைக் கொடுத்தார்கள், துணிப்பையைக் கொண்டுவரவில்லை.

பிலிப்பைன்ஸ்காரர்கள்தான் இதில் கில்லாடிகள். அங்கே சில ஊர்களில் ராத்திரி ஒரு கூட்டம் வாசலில் நின்று, நாங்கள் உத்தரிக்கிற ஸ்தலத்து (மோட்சம் போகுமுன் பாவம் கழிக்கிற இடம்) ஆன்மாக்கள், மோட்சக் கதவு சாத்துவதற்குள் போகவேண்டும், சீக்கிரம் கொடுங்கள் என்ற பாவனையில் பாடும். கிடைப்பது அரிசிப் பலகாரம். அந்த ராத்திரி கோழி காணாமல் போனால் ஆன்மா மேல்தான் பழி.

*

ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயில் முகம் செதுக்கவேண்டும் என்று மகள் அழுகிறாள். இங்கே சின்னதுதான் கிடைக்கிறது. என்ன செய்வது?
– ராமேஸ்வரம் வாசகி

சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் முதலில் செதுக்கியதே பரங்கியை இல்லை, டர்னிப் கிழங்கை. அமெரிக்கா போன பிறகுதான் கைக்குப் பெரிய காய் கிடைத்தது. பரங்கி அமெரிக்கக் கண்டத்துக் காய், வெள்ளைக்காரனைப் பரங்கி என்று சொன்ன காலத்தில் இங்கே வந்ததால் நம் பெயரிலேயே அந்த முத்திரை இருக்கிறது. முகம்தான் வேண்டும் என்றால் எந்தப் புது வீட்டு வாசலையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பூசணியில் முட்டைக்கண்ணும் கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் வரைந்து, கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். வருஷம் முழுக்க ஹாலோவீன்!

*

முன்னெல்லாம் அமெரிக்காவிலும் பிள்ளைகள் தனியாகத்தான் போனார்கள் என்கிறாள் அங்கே இருக்கும் என் அத்தை. இப்போது பெற்றோர் கூடவே போகிறார்களாம். ஏன்?
– தொண்டி வாசகி

பயம்தான். 1950களில் வீட்டில் செய்த சோளப்பொரி உருண்டை, ஆப்பிள் எல்லாம் கொடுத்தார்கள். அப்புறம் மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்று பேச்சு பரவி, இப்போது கம்பெனி உறை பிரிக்காத மிட்டாய்தான் செல்லும். முன்பின் தெரியாத ஆள் விஷம் வைத்து ஒரு பிள்ளை செத்தது என்று உறுதியான சம்பவம் தேடினால் கிடைப்பதில்லை. 1974ல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் இறந்தான், விஷம் வைத்தது இன்சூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். இப்போது பல இடங்களில் கார்களை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து அங்கேயே மிட்டாய் கொடுக்கிறார்கள். பாதுகாப்புதான், ஆனால் கதவே இல்லாத இடத்தில் எதைத் தட்டுவது?

*

எங்கள் காலனிப் பிள்ளைகள் 31ஆம் தேதி வருவதாக மிரட்டியிருக்கிறார்கள். என்ன கொடுக்கலாம்?
– சாயல்குடி வாசகர்

சாயல்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பனங்கருப்பட்டி இருக்கிறது, சில்லுக்கருப்பட்டி இருக்கிறது, கடலை மிட்டாய் இருக்கிறது. பிளாஸ்டிக் வாளிக்குப் பதில் ஓலைக்கொட்டானோடு வரச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் கொடுத்துவிடாதீர்கள், பாட்டு, விடுகதை, ஏதாவது ஒன்று வாங்கிக்கொண்டு கொடுங்கள். நேற்றுப் பாடியதையே பாடினாலும் கரண்டியைக் குறைக்காதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள். மழை நேரம், கரண்ட் போனாலும் போகும், வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கட்டும். நாயை ஆறு மணிக்கே கட்டிவிடுங்கள், அதற்கு வேஷம் எது நிஜம் எது என்று தெரியாது.