கோயில் சுவரில் இருக்கும் நினைவுக்கல் எதற்கு? அதை வைத்துக் குடும்ப வரலாற்றை அறிய முடியுமா?

இறந்தவரின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், பதித்த உறவினர் யார் என்பதைப் பொறித்துக் கிறிஸ்தவக் கோயில் சுவரில் பதிக்கும் பலகைதான் நினைவுக்கல். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதுபோல. பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுத்தவர் பெயர் கூடவே போகும்.

ராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் புதைக்க உடலே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது. அந்தக் குடும்பங்கள் மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் வேண்டாமா? எனக்கு இந்தக் கற்களில் மிகவும் மனதைத் தொடுவது இதுதான்.

வரலாறு தேடுபவர்கள் இறந்தவர் பெயரோடு நிற்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் 'மனைவி, மக்கள்' வரியையும் படியுங்கள். பிறகு பங்கு அலுவலகத்தில், அதாவது அந்தக் கோயிலின் அலுவலகத்தில், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டைக் கேளுங்கள். அதில் பெற்றோரோடு, திருமுழுக்கின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம் என்பதால், ஒரு வரியிலேயே இரண்டு குடும்பங்களின் தொடர்பு பிடிபடலாம்.

கல்லில் பெர்னாண்டோ என்று இருந்தால் முன்னோர் போர்ச்சுக்கல்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, 1530-களில் கடலோர மீனவச் சமூகமான பரதவர் போர்ச்சுக்கீசியர் வழியாகப் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்ற காலத்திலிருந்து வழங்கும் பெயர்களில் ஒன்று அது.