ஷட்டில் குழுவில் ஆள் குறைகிறது: ஸ்டுட்கார்ட் நண்பருக்கு

வணக்கம். பன்னிரண்டு பேரோடு தொடங்கிய ஷட்டில் குழு நாலே மாதத்தில் ஐந்தாகிவிட்டது, ஹால் வாடகை மொத்தமும் என் தலையில் என்று எழுதியிருந்தீர்கள். முதலில், வாரா வாரம் வாட்ஸ்அப்பில் "யார் யார் வர்றீங்க?" என்று கேட்பதை நிறுத்துங்கள். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். காசு கட்டியவன் பனியிலும் வருவான், நானும் அப்படித்தான்.

இன்னொன்று, நன்றாக ஆடும் நாலு பேர் ஒரே கோர்ட்டைப் பிடித்துக்கொள்கிறார்களா? எங்கள் குழு உடையப் பார்த்தது அதனால்தான். அப்புறம் எல்லார் மட்டையையும் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கை எடுத்து ஜோடி பிரித்தோம். பதினொரு புள்ளி ஆனதும் இறங்கிவிட வேண்டும். புதிதாக வந்தவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள்.

வாடகை குறைய வேண்டுமென்றால் பதிவு பெற்ற ஃபெரைன் (ஜெர்மனியில் சங்கத்துக்கு அதுதான் பெயர்) ஆக மாறுங்கள். அதற்கு 7 உறுப்பினர்கள் தேவை. விதிமுறை எழுதி, கையெழுத்துக்குச் சான்று வாங்கி, நீதிமன்றப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பள்ளி ஹால்களை மாலையில் நகராட்சி பெரும்பாலும் சங்கங்களுக்குத்தான் ஒதுக்கும். ஐந்து பேர் இருக்கிறீர்கள், வீட்டில் உள்ளவர்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் கணக்கு சரி.