மிலன் ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். செப்டம்பரில் இத்தாலியின் மிலன் நகரில் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்கு முதன்முறையாக அனுப்புகிறார்கள். எட்டு நாள். டிக்கெட்டும் ஹோட்டலும் கம்பெனி பொறுப்பு. சாப்பாடு, போக்குவரத்துக்கு நான் செலவு செய்து, திரும்பி வந்து பில் கொடுத்தால் பணம் தருவார்கள். "இங்கே பணம் மாற்றி அலைய வேண்டாம். கிரெடிட் கார்டை அங்கே ஏ.டி.எம்.மில் போட்டால் யூரோ வரும், பாயின்ட்டும் ஏறும். ஃபாரெக்ஸ் கார்டு (யூரோவை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு) வாங்கினால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள்" என்கிறார் உடன் வேலை செய்பவர். என் கார்டின் லிமிட் ஒன்றரை லட்சம். அப்படியே செய்யலாமா?

பதில்: யூரோ வரும் என்பது மட்டும் சரி. பாயின்ட் ஏறாது, 20 சதவீத வரியும் உங்களுக்கு வராது. அந்த யூரோவுக்கு நீங்கள் கொடுக்கப் போகும் விலையை அவர் சொல்லவில்லை.

கடையில் கார்டைத் தேய்த்தால், பில்லின் கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அதே கார்டை ஏ.டி.எம்.மில் போட்டால் அது கடன். நோட்டு கைக்கு வந்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பில் வந்ததும் கெடு தேதிக்குள் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டினாலும், எடுத்த நாளிலிருந்து கட்டிய நாள் வரைக்கும் வட்டி உண்டு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'நான் ஒருநாளும் லேட்டாகக் கட்டியதில்லையே' என்று ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

கணக்குப் போட்டே பார்ப்போம். எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 200 யூரோ எடுக்கிறீர்கள், அதாவது 20,000 ரூபாய். அந்த ஊர் மெஷின் தன் பங்குக்கு 4 யூரோ பிடிக்கிறது என்றால் கார்டில் ஏறுவது 20,400. இதன் மேல் வெளிநாட்டு நாணய மார்க்-அப் (நாணயம் மாற்றுவதற்கு வங்கி வைக்கும் கூடுதல் தொகை), பல கார்டுகளில் 3.5 சதவீதம்: 714 ரூபாய். ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம், பெரும்பாலும் 2.5 சதவீதம்: 510 ரூபாய். மாதம் 3.75 சதவீதம் என்று ஒரு மாத வட்டி: 765 ரூபாய். மார்க்-அப், கட்டணம், வட்டி மூன்றுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாக உண்டு, அது 358 ரூபாய். மெஷின் பிடித்த 400 ரூபாயையும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய 2,750 ரூபாய். இருபதாயிரத்துக்கு இவ்வளவு!

மூன்றாம் நாளே பணத்தைக் கட்டிவிட்டால் வட்டியும் அதன் வரியும் 90 ரூபாயோடு நின்றுவிடும். ஆனால் மீதி 1,840 சொச்சம் போனது போனதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இன்னும் மோசம். ரொக்கக் கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு, பல வங்கிகளில் 500 ரூபாய். அது ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பிடிக்கப்படும். செலவுக்கு வேண்டியிருக்கிறதே என்று 50 யூரோ மட்டும் எடுத்தாலும் 500, அதற்கு வரி 90, மெஷினுக்கு 400. மார்க்-அப்பும் வட்டியும் சேராமலே 5,000 ரூபாய்க்கு 990 ரூபாய் கழன்றுவிடும்.

அப்புறம், மெஷின் திரையில் வரும் ஒரு கேள்வி. '200 யூரோ' என்று போட்டு, அதன் கீழே '21,600 ரூபாய்' என்பது போல ஒரு தொகையைக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் நிம்மதியாகி, கை தானாகப் பச்சைப் பட்டனுக்குப் போகும். அமுக்காதீர்கள். அது மெஷின்காரர் தானே நிர்ணயித்த மாற்று விகிதம். இந்த உதாரணத்தில் மட்டும் 8 சதவீதம் கூடுதல். இதற்கு மேலும் தன் கட்டணத்தைப் போடும் வங்கிகள் இருக்கின்றன. மறுத்தால் பணமே வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மாற்று விகிதம் வேண்டாம் என்று அமுக்கினாலும் யூரோ வரும், கணக்கு யூரோவிலேயே போகும். கடையில் கார்டு தேய்க்கும் இடத்திலும் இதே கேள்வி வரும். யூரோ என்றே சொல்லுங்கள்.

சரி, எவ்வளவு ரொக்கம் தேவைப்படும்? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. இத்தாலியில் கார்டை வாங்க மறுக்கும் கடைக்காரருக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதமே உண்டு. மிலன் மெட்ரோவில் கார்டைத் தட்டியே உள்ளே போகலாம். காபி, சில்லறைச் செலவு, ஆத்திர அவசரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200, 250 யூரோ நோட்டாக இருந்தால் எட்டு நாளுக்குப் போதும். மற்றதெல்லாம் ஃபாரெக்ஸ் கார்டில்.

நோட்டு மாற்ற சென்னை விமான நிலையம் வரை காத்திருக்காதீர்கள். அங்கே விகிதம் பொதுவாக மோசமாக இருக்கும். வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றி, வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகவே பணம் மாற்றும் கடைகள் இருக்கின்றன. அங்கே புரளுவது அதிகமும் டாக்கா என்ற வங்கதேசப் பணமும் டாலரும் என்பதால், யூரோ இருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், பில் தருவார்கள். பில் இல்லாமல் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். அன்றைய விகிதத்தைப் போனில் பார்த்து, கடைக்காரர் சொல்வதோடு ஒப்பிட்டு, பேரம் பேசுங்கள். ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் வாங்குவார்கள், அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கிலிருந்துதான். மீந்த யூரோவைத் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் மதிப்பு வரை கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அந்த 20 சதவீத விஷயம்: ஒரு நிதியாண்டில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினாலோ, இப்படிக் கார்டில் ஏற்றினாலோ பிடிக்கும் வரி அது. முதலில் 7 லட்சமாக இருந்த வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம். உங்கள் செலவு அதன் பக்கத்தில்கூட வராது. அப்படிப் பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்தான்.

கிரெடிட் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் ஆபத்துக்கு மட்டும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்; 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் அது அடைத்தேதான் வரும். ரொக்க லிமிட்டும் அங்கேயே தெரியும். ஒன்றரை லட்சம் முழுவதையும் ரொக்கமாக எடுக்க விடமாட்டார்கள், அதில் ஒரு பங்குதான். எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், வங்கிக் கிளையை ஒட்டியுள்ள மெஷினில், ஒரே தடவையில், யூரோவாக எடுங்கள். அன்று இரவே அறையிலிருந்து அந்தத் தொகையைக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். பில்லுக்காகக் காத்திருக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது உங்கள் கேள்வியில் ஓரமாக வந்த ஒரு வரி: திரும்பி வந்து பில் கொடுத்தால் பணம் தருவார்கள் என்பது. சாப்பாட்டு பில்லும் போக்குவரத்து பில்லும் உங்களிடம் இருக்கும். ரொக்கக் கட்டணம், மார்க்-அப், வட்டி இவற்றுக்கெல்லாம் பில் ஏது? கார்டு ஸ்டேட்மென்ட்டைக் காட்டினால் அக்கவுண்ட்ஸில் ஏற்பார்களா என்பது சந்தேகம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்துக் கம்பெனிகள் வருடம் முழுக்க ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. கம்பெனி வேலைக்குப் போகிறவர் மாதம் 3.75 சதவீத வட்டிக்குத் தன் பெயரில் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனிக்கு ஏற்றுமதி பார்க்கும் வங்கி இருக்கும். அதன் மூலமாக உங்கள் பயணத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றித் தரச் சொல்லி இந்த வாரமே மேலாளரிடம் கேளுங்கள். வாயால் கேட்பதோடு விடாமல் மெயிலும் போடுங்கள். முன்பணம் தர முடியாது என்றால், கார்டு கட்டணங்களையும் செலவாக ஏற்போம் என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.