மூன்று சிவப்புக் கொடி

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மாவட்டப் போட்டி நீளம் தாண்டுதலில் மூன்று தாண்டலும் ஃபவுல்; கால் போர்டைத் தாண்டிவிட்டது, மூன்று முறையும் சிவப்புக் கொடி. ஷூவில் பிலிப்பியர் 4:13 ('எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு') எழுதிக்கொண்டு போன பிள்ளை. "ஜெபம் பண்ணித்தானே போனேன், கர்த்தர் ஏன் கைவிட்டார்?" என்கிறாள். சபையில் எல்லோரும் தேவசித்தம் என்கிறார்கள்; அதைக் கேட்டால் இன்னும் அழுகிறாள். ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டாளாம். காலைப் பயிற்சியில் ஃபவுலே வராது. போட்டி மதியம் மூன்று மணிக்கு. என்ன சொல்லித் தேற்றுவது?

ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரி,

இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். சோறு போடுங்கள், தூங்க விடுங்கள். வேதத்தில் உள்ள வரிசையும் அதுதான். எலியா தீர்க்கதரிசி, ஆகாப் ராஜாவுக்கு முன்னால் யெஸ்ரயேல் வரை ஓடியவர். அடுத்த அதிகாரத்திலேயே, 1 இராஜாக்கள் 19இல், சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வியெல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

தேவசித்தம் என்பதை இந்த வாரம் சொன்னால், 'அழாதே' என்றுதான் அவள் காதில் விழும். சங்கீதம் 13ஐச் சேர்ந்து வாசியுங்கள். ஆறே வசனம், முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேள்வி. அவள் கேட்பதும் அதுவே, அதுவும் ஜெபம்தான். பிலிப்பியர் 4:13க்கு முந்தின வசனத்தையும் காட்டுங்கள். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று பவுல் காவலில் இருந்து எழுதுகிறார். ஜெயிப்போம் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

இரண்டு நாள் போகட்டும், அதுவரை போட்டி வீடியோவைப் பார்க்க வேண்டாம். பிறகு பி.டி. டீச்சரோடு உட்காருங்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கடலூரில் காலையில் கடல்காற்று இருக்காது, மதியம் கிழக்கிலிருந்து வீசும். மேற்கு நோக்கி ஓடினால் அது முதுகில் தள்ளும். ஓடிவரும்போது ஓர் எட்டுக்கு (காலடிக்கு) 2 செ.மீ. கூடினாலே 16 எட்டில் 32 செ.மீ. காலூன்றித் தாண்டும் போர்டின் அகலமே 20 செ.மீ.தான்!

ஆகவே வாரம் இரண்டு நாளாவது போட்டி நேரத்தில் ரன்-அப் (தாண்டுவதற்கு முந்தைய ஓட்டம்) ஓட வேண்டும். தொடக்கக் குறியைப் பாதத்தால் அளக்காமல் டேப்பால் அளந்து, நேரம், காற்றின் திசையோடு நோட்டில் எழுதட்டும். கால் எவ்வளவு தாண்டியதோ அவ்வளவு குறியைப் பின்னால் தள்ள வேண்டும். பயந்துபோன பிள்ளைகள் இதைச் செய்யாமல் கடைசி எட்டில் போர்டைக் குனிந்து பார்க்கிறார்கள். எட்டு குலைந்து மறுபடி ஃபவுல். பார்வை மணல் குழிக்கு அப்பால் இருக்க வேண்டும். முதல் தாண்டலுக்குக் குறியை ஓர் அடி பின்னால் வைத்து, ஓர் அளவு பதிவானால் போதும் என்று தாண்டட்டும். தூரத்தை அடுத்த இரண்டில் தேடலாம்.

சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரமாகியும் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே. 14416இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ஆராதனைக்கு இழுத்துப் போக வேண்டாம். வருகிறேன் என்று அவளே சொல்லும் நாளில், சபை முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாமென்று போதகரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.