பன்றி செல் ஊசிக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம் ஆகிறது. எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம்) 30 சதவீதம். பன்றியின் செல்லை ஊசியாகப் போட்டால் இதயம் பழையபடி ஆகிவிடும், 4 லட்சம் ஆகும், பாதியை முன்பணமாகக் கட்டுங்கள் என்று சேலத்தில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். செத்த இதயத் தசை தழும்பாகிவிடும். அதைச் செல் வைத்துச் சரிசெய்ய ஆராய்ச்சி நடக்கிறது. வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. பன்றி செல்லின் மேல் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அதை எதிர்க்கும் பொருள் நம் எல்லார் ரத்தத்திலும் உண்டு. ஏற்றிய செல்லை உடம்பே அழித்துவிடும். 2022-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், பத்து மரபணு மாற்றம் செய்த பன்றியின் முழு இதயத்தையே ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் சுமார் இரண்டு மாதமே உயிரோடு இருந்தார்.

“மாட்டு வால்வு வைக்கிறார்களே?” என்று அந்த ஆள் மடக்குவார். வைக்கிறார்கள்தான். ஆனால் மாடு, பன்றித் திசு வால்வுகளை குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அதில் உயிருள்ள செல் கிடையாது. பதனிட்ட தோல் மாதிரி. அதனால்தான் உடம்பு பொறுத்துக்கொள்கிறது. அதுவும் பத்து, பதினைந்து வருடத்தில் தேயும். இளவயதுக்காரர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து இன்னும் சீக்கிரம் கெடும். வால்வு கதவு, உங்கள் அப்பாவுக்குப் போனது சுவர்.

அடுத்து எக்கோ காட்டுவார்: ஊசிக்கு முன் 30, பின் 42. மாரடைப்பில் மயங்கிக் கிடந்த தசை சில வாரங்களில் தானே விழிக்கும், மாத்திரையும் தூக்கிவிடும். அந்தப் பெயரை ஊசி தட்டிக்கொண்டு போகும். இதை டிஸ்சார்ஜ் அன்றே தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் தரகருக்கு வேலையே இல்லை. நம் ஆஸ்பத்திரிகள் கொடுப்பதோ ஆங்கிலத்தில் நாலு பக்கம்.

“இது ஆராய்ச்சி” என்றால் சிடிஆர்ஐ (மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்திய அரசுப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். முறையான பரிசோதனையில் அந்த ஊசிக்குக் காசு வாங்கக் கூடாது. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறு எக்கோ. அப்போதும் பம்பிங் 35-ஐத் தாண்டாவிட்டால் ஐசிடி கருவி (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் உள்ளிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது) தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். இந்துப்பும் உப்புதான். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அன்று பகலிலேயே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறலோடு ராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவு வேண்டாம்.