கால் ஊன்றிய இடம்

வணக்கம்.

நெடுநாள் ஆசைப்பட்டு, போன மாதம் ஒரு நாள் பயணமாகப் பவளப்பாறை பார்க்கப் போனேன். காலையில் படகு, இரண்டு இடங்களில் ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தபடி பார்ப்பது), சாயங்காலம் கரை. ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன். படங்களில் பார்த்த சிவப்பும் ஊதாவும் எங்கேயும் இல்லை. எல்லாம் பழுப்பு, மங்கலான நீலம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிளை கிளையாக, வெள்ளை வெளேரென்று முத்துப்போல இருந்தது. அன்று பார்த்ததில் அதுதான் அழகு. படம் இணைத்திருக்கிறேன். நடுவில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சரிசெய்வதற்காக ஒரு பாறைமேல் அரை நிமிடம் நின்றேன். வழிகாட்டி எல்லார் முன்னாலும் கத்தினார். வெறும் கல்மேல் நின்றதற்கு இத்தனை அவமானமா? அந்த நாளே கெட்டுப்போனது. மறுபடி போகலாமா? போனால் முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வாங்கலாமா? சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்கிறார்களே, உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய புகைப்படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய படம். நடுக்கடலில் நான் நிற்கிறேன். இடுப்பளவு தண்ணீர், இரண்டு கையும் மேலே தூக்கியிருக்கிறது, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் கரையே தெரியவில்லை. படகிலிருந்து நண்பன் எடுத்தது. அந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மனிதன் நிற்க வேண்டுமென்றால் காலுக்குக் கீழே என்ன இருந்திருக்கும்? அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 'வெறும் கல்மேல் நின்றதற்கு' என்ற உங்கள் வரியைப் படித்தேன்.

மற்ற கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டாம். சாதாரண மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றலாம், அதில் அது அவ்வளவு எளிதல்ல. கடையிலேயே வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். சன்ஸ்கிரீன் விஷயம் கவலைப்படத் தக்கதுதான். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முதுகில் எதையும் பூச வேண்டியிருக்காது.

நிறத்தைப் பற்றி உங்களை யாரும் ஏமாற்றவில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். நாலைந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சுவது பச்சையும் நீலமும். நீங்கள் பார்த்த படங்களை விளக்கு வெளிச்சம் அடித்து எடுத்திருப்பார்கள், அல்லது பிறகு நிறம் ஏற்றியிருப்பார்கள். ஆனால் பழுப்பைக் குறை சொல்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பவளம் அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தப் பாசியின் நிறம்தான் பழுப்பு. நீங்கள் சலித்துக்கொண்டு கடந்து போனதெல்லாம் வயிறார உண்டு நன்றாக இருக்கிற பவளம்.

முத்துப்போல இருந்தது என்று படம் அனுப்பியிருக்கிறீர்களே, அதைப் பார்த்து அன்று வேறு வேலை ஓடவில்லை. வெறும் நுனி மட்டும் வெளுத்திருந்தால் பயமில்லை, கிளைப் பவளம் வளரும்போது நுனி அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் முட்கிரீட நட்சத்திர மீன் மேய்ந்த தடமாக இருக்கலாம். உங்கள் படத்தில் அடி முதல் நுனி வரை, கொத்து முழுக்க வெளுத்திருக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான சூடு சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. உடல் கண்ணாடிபோல ஆகி உள்ளே இருக்கும் எலும்பு தெரிகிறது. நீங்கள் பார்த்த வெள்ளை அந்த எலும்பு. பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பலாம். இல்லையென்றால் சில வாரங்களில் மேலே வேறு பாசி படர்ந்து கறுத்துப்போகும். உலகம் முழுக்கக் கடல்களில் இப்படி ஒரே காலத்தில் வெளுப்பது நான்காவது முறையாக நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முதல் முறை 1998இல். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

இந்தத் தப்பில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. பவளப்பாறை என்கிறோம், முருகைக்கல் என்கிறோம். பாறையும் கல்லும் நிற்பதற்கும் உட்காருவதற்கும்தானே! இன்னொரு சொல்லைப் பாருங்கள்: கொடிப்பவளம். கடலுக்கடியில் படரும் கொடி என்று நினைத்திருக்கிறார்கள். அதுவும் சரியில்லைதான், ஆனால் உயிருள்ளது என்றாவது நினைத்தார்களே. ஐரோப்பாவிலும் இதே குழப்பம் இருந்தது. 1706இல் மார்சிலி என்ற இத்தாலியர், கடலிலிருந்து எடுத்த பவளத்தைக் கடல்நீரிலேயே போட்டு வைத்து, அதில் எட்டு இதழ் உள்ள வெள்ளைப் பூ விரிவதைப் பார்த்தார். பவளம் செடிதான், இதோ பூ, என்று எழுதினார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். சுமார் இருபது வருடம் கழித்து பேசொனல் என்ற பிரெஞ்சு மருத்துவர், வட ஆப்பிரிக்கக் கரையில் அதே பூவைத் தொட்டுப் பார்த்தார். பூ சட்டென்று சுருங்கியது. காற்றுப் பட்டால் சுருங்கியது, அமைதியான தண்ணீரில் மறுபடி விரிந்தது. இது பூவே கிடையாது, விலங்கு என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 1727இல் அதை அங்கே வாசித்த ரியோமூர் என்ற அறிவியலாளர், எழுதியவருக்கு அவமானம் வேண்டாமே என்று பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவ்வளவு அபத்தமாக இருந்திருக்கிறது அந்த உண்மை. பல வருடம் கழித்துத்தான் ரியோமூரே அதை ஒப்புக்கொண்டார். அந்த மருத்துவர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதை நீங்களும் நானும் முழு உடல் எடையையும் போட்டு மிதித்தும் தெரிந்துகொள்ளவில்லை, எம்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். பவளத்தில் உயிருள்ள பகுதி மேல்தோல்போல ஒரு படலம்தான். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்கு அடியில் அது தானே கட்டிய சுண்ணாம்பு எலும்பு, கத்திபோலக் கூரான விளிம்புகளோடு. நீங்கள் நிற்கும்போது மேலே உங்கள் எடை, கீழே அந்தக் கூர், நடுவில் அந்தப் படலம். அரை நிமிடம் என்கிறீர்கள். அரை நொடி போதும். கிழிந்த இடத்தில் நோய் நுழையும், வேறு பாசி குடியேறும். நீங்கள் நின்றது உருண்டையான பவளமாக இருந்தால் அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஒரு மீட்டர் உயரக் குன்று என்றால் நூறு வருட வாழ்க்கை. நம் தாத்தா பிறந்த காலத்திலிருந்து ஒருமுறைகூட நகராமல் இருந்த இடத்திலேயே இருந்த உயிர் அது. அதன்மேல் நின்றுவிட்டு உங்கள் அவமானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

கோபமாக எழுதிவிட்டேன். ஆனால் அந்த வழிகாட்டி கத்தியதால்தான் நீங்கள் அரை நிமிடத்தில் இறங்கினீர்கள். என்னை யாரும் கத்தவில்லை.

அந்தப் புகைப்படம் எடுத்த அன்று படகை நிறுத்தினார்கள், ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார்கள், குதித்தோம். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் மாஸ்க் ஒழுகியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் தெரிந்த நீச்சலெல்லாம் மறந்துபோனது. கால் தானாகவே தரையைத் தேடியது. எதுவோ தட்டுப்பட்டது, ஏறி நின்றேன். காலுக்குக் கீழே காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒன்று நொறுங்கியது. காதில் கேட்டதாக நினைவில்லை, எலும்பில் உணர்ந்தேன். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் கையைத் தூக்கினேன், நண்பன் படம் எடுத்தான். கெண்டைக்காலில் ஆழமாகக் கீறியிருந்தது. அது ஆற மூன்று வாரம் ஆனது. பவளக் கீறல் அப்படித்தான், துகள் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் காயத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். நான் ஒடித்ததைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

பவளத்தை மிதிக்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எம். பயந்தவர்கள். மிதந்தபடியே மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றத் தெரியாத ஒருவரைப் பவளத்துக்கு மேலே கொண்டுபோய் இறக்கினால் அவர் கால் ஊன்றத்தான் செய்வார். ஹவாயில் ஹனௌமா விரிகுடாவில் 2002 முதல், தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒன்பது நிமிடப் படம் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். நல்லதுதான். ஆனால் படம் பார்த்தால் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. காலுக்குத் தெரிய வேண்டுமென்றால் மணல்தரை உள்ள ஆழமற்ற தண்ணீரில் அரை மணி நேரம் பழக வேண்டும். மாஸ்க்கில் வேண்டுமென்றே தண்ணீரை விடுங்கள். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் அடிவழியாகப் போய்விடும். ஸ்நார்க்கலில் தண்ணீர் ஏறினால் வாயால் ஒரே ஊதாக ஊதுங்கள். இரண்டையும் கால் ஊன்றாமல் பத்துத் தடவை செய்யுங்கள். மூச்சு வாங்கினால் மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட் போடுவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். சன்ஸ்கிரீனைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டுக் கேட்டீர்களே, அதைவிடப் பெரிய உதவி இந்த அரை மணி நேரம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது இரண்டாவது பயணத்தில் வந்த ஒரு வழிகாட்டி. முதல் பயணம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, வேறு கடல். அந்த அம்மா எங்களைப் பவளத்துக்கே விடவில்லை. படகின் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, மணலுக்கு மேலே வைத்துப் பழக்கினார். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அப்புறம் கூட்டிக்கொண்டு போனார், ஒரே ஒரு குன்றுக்கு. சாப்பாட்டு மேஜை அளவு இருக்கும். அதைச் சுற்றி ஒரு மணி நேரம் மிதக்கவிட்டார். முதல் ஐந்து நிமிடம் உங்களைப்போலவே, பழுப்புதான் தெரிந்தது. பிறகு அதில் பதிந்திருந்த சின்னச் சின்ன வண்ண விசிறிகள் தெரிந்தன. குழாய்ப் புழுக்கள். என் நிழல் பட்டதும் மொத்தமாக உள்ளே மறைந்தன, அசையாமல் காத்திருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஓர் ஓரத்தில் விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட மீன் ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்துகொண்டிருந்தது. அடுத்த மீன் வாயைத் திறந்துகொண்டு தன் முறைக்காக நின்றது. கிளிமீன் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அது பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றுகிறது. நான் பழகிய அந்த மணல்தரையில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் ஒரு தடவைகூடக் காலைக் கீழே நீட்டவில்லை. தேவைப்படவே இல்லை.

மறுபடி போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். இரண்டு இடங்களில் நிறுத்தினால் ஒன்றிலாவது ஒரே குன்றோடு இருந்து பாருங்கள். அதே படகு, அதே வழிகாட்டி கிடைத்தால் அவரிடம் பேசுங்கள். அன்று நான் நின்ற இடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள், காட்டுவார். அவருக்கு ஞாபகம் இருக்கும். மேலே மிதந்தபடி, நிழல் அசையாமல், அந்த இடத்தைப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.